மாமா என்று கூப்பிட ஒரு குரல்

மொழிக் காட்சியகத்தின் ஒலிப்பதிவாளருக்கு அங்கே காது என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பக்கத்து அறையில் யாராவது பேனா மூடியைக் கழற்றினால்கூட இங்கே தலையைத் திருப்புகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவரும் கோபித்துக்கொண்டதில்லை. ஏதோ ஒன்றைச் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருக்கிறார்களே என்று திருப்திப்பட்டுக்கொள்வார். சாயங்காலம் அலுவலகக் கதவைத் தாண்டிவிட்டால் அதுவும் கிடையாது. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. அங்கே அவர் வாயைத் திறப்பது பல் தேய்க்கவும் சாப்பிடவும்தான்.

அந்த வருஷம் காட்சியகத்தில் புதிதாக ஒரு சுவர் கட்டினார்கள். முழுச் சுவருக்கும் ஒரே வார்த்தை: மாமா. கீழே வரிசையாகப் பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு மொழி. அழுத்தினால் அந்த மொழிக்காரர் ஒருவர் இன்னொருவரை அப்படிக் கூப்பிடுகிற குரல் கேட்கும், கூப்பிடப்படுகிறவர் யார் என்று பலகையில் எழுத்து ஒளிரும். சீனத்தில் அம்மா, சுவாஹிலியிலும் அம்மா. ஜார்ஜிய மொழியில் அப்பா. அம்மாவுக்கு அங்கே தேதா என்று பெயர். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழி ஒன்றிலும் அப்பாதான். இந்தியில் அம்மாவின் சகோதரன். சிங்களத்தில் நெடிலைக் குறிலாக்கி மம என்றால் நான் என்று பொருள், அதையும் ஓரமாகப் போடலாமா என்று கணக்கர் கேட்டார். தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்கிறவனுக்குப் பொத்தான் எதற்கு என்று இயக்குநர் அம்மாள் மறுத்துவிட்டாள்.

இத்தனை மொழிக்கும் ஒரே வேர் இல்லை. யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று சில மொழிகளுக்குள் பண்டிதர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்றில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். பல் முளைக்காத குழந்தை உதட்டை மூடித் திறந்தால் வருகிற சத்தம் அது. குழந்தை யாரையும் நினைத்துச் சொல்வதில்லை. பக்கத்தில் இருந்து 'என்னடா கண்ணு' என்று யார் ஓடி வந்தார்களோ, அவர்கள் அந்தச் சத்தத்தைத் தங்கள் பேரில் எழுதிக்கொண்டார்கள். ஒரு ஊரில் அம்மா முந்திக்கொண்டாள், இன்னொரு ஊரில் அப்பா. சுவரின் தலைப்பில் இதை எழுதிக் கொடுத்ததே காதுதான்.

நடிகர் குரல் கூடாது என்பது இயக்குநரின் கண்டிப்பு. நிஜமாகவே உறவுள்ளவர்தான் கூப்பிட வேண்டும். அதற்கு மேலே காது ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். கருவியை முதலில் ஓட விட்டுவிடுவார். குரல் பதிவில் விழுந்த பிறகுதான் அனுமதி கேட்பார். மாட்டேன் என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுவார். முன்கூட்டிச் சொன்னால் ஜனங்கள் குரலுக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய அனுபவம். அப்படித்தான் சுவரைக் கட்டிய ஜார்ஜியத் தச்சரின் மகள் நடைவழியில் அப்பாவைத் தேடிக் கத்தியது ஜோராக விழுந்தது. துப்புரவு அம்மாவின் மகன் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்று சுவாஹிலியில் கூப்பிட்டதும் விழுந்தது. காவலாளியின் அக்கா மகன் இந்தியில் கூப்பிட்டதில் செல்லம் சொட்டியது.

தமிழ் மட்டும் பாக்கி. இயக்குநர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இந்தியும் தமிழும் ஒரே அர்த்தம்தானே? தமிழை விட்டுடலாமா?"

காதுக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே தமிழர் அவர். "அதெப்படி விடறது? எங்க மாமா ஒரு ஆள் இல்லீங்க, ஒரு கூட்டம். அம்மா கூடப் பொறந்தவர் மாமா. அத்தை புருஷன் மாமா. மாமனார் மாமா. சில வீட்டுல கட்டின புருஷனே மாமா. எதிர் வீட்டுக்காரர், தெருமுனையில நிக்கிற போலீஸ்காரர், எல்லாரும் மாமாதான்." இன்னொரு தொழில் செய்கிறவரையும் அப்படிச் சொல்வதுண்டு. அதை மட்டும் மென்று விழுங்கிவிட்டார்.

இயக்குநர் சிரித்தாள். "சரி, இவ்வளவு பேர் இருக்கீங்க. உன்னை அப்படிக் கூப்பிட யாராவது இருக்காங்களா?"

கேட்டவளுக்கு அதில் விஷமம் ஒன்றும் இல்லை. காதுதான் ஒரு கணம் திணறிவிட்டு, "இருக்கா. தங்கச்சி பொண்ணு" என்றார்.

இருக்கிறாள்தான். பொய் இல்லை. தங்கை பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், புருஷன் கப்பல் வேலையிலிருந்து திரும்பும்வரை அங்கேயே இருந்தாள். பகலில் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்த காதுதான் பகலெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். அது முதன்முதலில் உதட்டை மூடித் திறந்து மாமா என்றபோது, ஓடிப்போய் "என்னடா கண்ணு" என்றவர் அவர். மெஷினை நிறுத்திவிட்டுத் தங்கை வந்து நின்றாள். "பத்து மாசம் சுமந்தவ நானு, பேரைத் தட்டிட்டுப் போறது நீயா?" என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கோ தரையில் கால் பாவவில்லை.

தங்கை இறந்துபோன பிறகு அவள் மகளோடு பேச்சு குறைந்தது. சண்டையா, மனஸ்தாபமா, ஒரு மண்ணும் கிடையாது. சண்டை என்றால் சமாதானமாவது பேசலாம். முன்பெல்லாம் தங்கைக்குப் போன் போட்டால் அவள் நடுவில் மகளிடம் கொடுப்பாள். கொடுக்க ஆள் இல்லாமல் போனபோது, நேராகப் போட்டு என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. மருமகளுக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையும் ஆனது. அதைக்கூட வேறு யாரோ சொல்லிக் கேட்டு, வாழ்த்து ஒன்றைத் தட்டிவிட்டார். பதிலுக்கு ஒரு பூ படம் வந்தது. அப்புறம் வருஷக்கணக்காக ஒன்றும் இல்லை. போன் போடலாம் என்று எடுத்து எடுத்துக் கீழே வைத்துவிடுவார். அவள் மரியாதையாகப் பேசிவிடுவாளோ என்ற பயம்தான். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வார்.

இப்போது ஒரு சாக்குக் கிடைத்தது. மனுஷனுக்கு எவ்வளவு பெரிய பாசம் இருந்தாலும் ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறையில் உட்கார்ந்து போனைக் கருவியோடு இணைத்தார். மைக் வைத்த ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டார். சட்டையை வேறு மாற்றிக்கொண்டார், குரலுக்குச் சட்டை தெரியுமா என்ன. பழக்க தோஷத்தில் முதலில் கருவியை ஓட விட்டு, பிறகு எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று நினைத்த நேரத்தில் எடுத்தாள்.

"மாமா?"

அந்த ஒரு வார்த்தையில் என்னென்னவோ இருந்தது. இத்தனை நாள் கழித்தா என்ற ஆச்சரியம், யாருக்கு என்ன ஆச்சோ என்ற பதற்றம், அதற்கெல்லாம் அடியில் பழைய தோள் சலுகை. எண்ணை அவள் அழிக்கவில்லை! 

அந்த நேரத்தில் அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான், "நான்தாம்மா" என்றிருக்க வேண்டும். அவர் கண் கருவியின் முள்ளுக்குப் போனது. அளவு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தது. விழுந்திருந்தது, அப்பழுக்கில்லாமல். பார்த்ததும், இத்தனை வருஷம் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் தானாக வாயில் வந்துவிட்டது.

"இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. உங்கள் குரலைக் காட்சியில் பயன்படுத்த உங்களுக்குச் சம்மதமா?"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன பயன்? அதற்குள் வாக்கியம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு அவள் கேட்டாள்:

"எதுக்கு?"

"இல்லம்மா... இங்க ஒரு சுவர் வைக்கிறோம். மாமாங்கற வார்த்தை. எல்லா பாஷையிலயும். தமிழுக்கு ஒரு குரல் வேணும். உறவுக்காரங்கதான் சொல்லணும்னு..."

"ஓ. அதுக்குப் போன் பண்ணீங்களா."

கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. காது அதைக் கவனித்தார். கவனிக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது.

"அதுக்காக மட்டும் இல்லம்மா..."

"பரவால்ல. சம்மதம். எப்படிச் சொல்லணும்? சத்தமா சொல்லணுமா?"

"சாதாரணமா..."

"மாமா" என்றாள். ஒரு நொடி விட்டு, "மாமா" என்றாள். எதற்கும் இன்னொன்று இருக்கட்டும் என்பதுபோல மறுபடியும் "மாமா." ஒவ்வொன்றுக்கும் நடுவில் அளந்து வைத்த இடைவெளி. வெட்டி ஒட்ட வசதியாக இருக்கும். மாமாவின் தொழில் தெரிந்த பெண் அல்லவா.

"போதுமா?"

"போதும்மா."

"சரி, வச்சிடறேன். அடுப்புல வேலை இருக்கு."

வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த முதல் 'மாமா'வையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். முதல் தடவை கண்ணில் நீர் வந்தது. அப்புறமும் வந்தது. ஆனால் கேட்கக் கேட்க அது தேய்ந்தது. வெளியே இருட்டுவதற்குள், ஏதோ ஒரு பெண் ஏதோ ஒரு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிட்டது. இவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லாதது போல. அவருக்கு வெட்கமாக இருந்தது. சம்மதம் சொன்னாள்தான். ஆனால் அந்த முதல் குரலை அவள் சுவருக்குக் கொடுக்கவில்லை. மாமாவுக்குக் கொடுத்தாள். அதை அழித்துவிட்டார்.

மறுநாள் இயக்குநர் மற்ற மூன்றையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "என்ன இது, கடையில சாமான் பேர் படிக்கிற மாதிரி இருக்கு? நீ முதல் குரலையே பிடிக்கிற ஆளாச்சே. அது எங்க?"

"அது சரியா விழல."

"உனக்கா? சரியா விழலையா?"

காது தரையைப் பார்த்தார். ஊரெல்லாம் தன் மாமாக் கூட்டத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்ட வாயால் சொன்னார்: "தமிழை விட்டுடலாம். இந்தியும் அதுவும் ஒரே அர்த்தம்தான்."

இயக்குநர் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. தச்சரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். தச்சர் சுவரில் தமிழுக்கென்று போட்டிருந்த துளைக்கு ஒரு மரத் துண்டைச் செதுக்கி அடைத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். "வண்ணம் பூசிட்டா எங்க இருந்துச்சுன்னே தெரியாது" என்று பெருமையாகச் சொன்னார். அவர் மகள் உள்ளே ஓடி வந்து தன் பொத்தானைத் தானே அழுத்தி, தன் குரலைத் தானே கேட்டுச் சிரித்தாள். தச்சர் பழக்கத்தில் இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தார், சுவருக்கு ஒரு தடவை, மகளுக்கு ஒரு தடவை.

காதால் அங்கே நிற்க முடியவில்லை. பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனார். அட்டைப் பெட்டிகள் அடுக்கிய இடம், எதிரொலி மோசம், எந்த ஒலிப்பதிவாளரும் அங்கே நின்று பேச மாட்டார். வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.  என்ன பேசுவது என்று எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. அவள் குழந்தை பள்ளிக்கூடம் போகிறதா, அடுப்பில் நேற்று என்ன வேலை, ஏதாவது ஒன்று.

எடுத்தாள்.

"சொல்லுங்க." அவ்வளவுதான். பிறகு, "என்ன, சரியா விழலையா? திரும்பச் சொல்லணுமா?"

"இல்லம்மா. சுவர்ல தமிழே இல்ல. எடுத்துட்டோம். நான் சும்மாதான்..."

 வீட்டுக்குள் ஒரு பாத்திரம் உருண்டது. பிஞ்சுக் குரல் ஒன்று பக்கத்தில் வந்து கேட்டது: "யாரும்மா போன்ல?"

காது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் எதையும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"ஏதோ ஆபீஸ் போன்டா கண்ணு. நீ போய் விளையாடு."

குழந்தையின் கால்கள் தடதடவென்று தூரப் போயின. வைத்துவிடலாம் என்று தோன்றியது அவருக்கு. வைத்தால் இனி போடப்போவதில்லை, அதுவும் தெரிந்தது. இவள் சொன்னால்தான் உண்டு என்று இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. சொல்ல வேண்டியவள் சொல்லப்போவதில்லை. யாரும் இல்லாத படிக்கட்டில், எதிரொலிக்கிற தன் குரல் தனக்கே கூசும்படி, அவரே சொன்னார்.

"ஆபீஸ் இல்லம்மா. மாமாதாம்மா பேசறேன்."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ம்" என்றாள் அவள். "பேசுங்க."