மூக்கு வாடகை

காஹாங் ஊர்ச் செம்பனை எண்ணெய் ஆலைக்குத் தங்கராஜு கொடுக்க வேண்டியிருந்தது நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு வெள்ளி அறுபது சென். அவருடைய மோப்பம் அவரை விட்டுப் போனதால் ஏறிய கடன் அது. போன மோப்பம் ஏறக்குறைய மூன்று வருடம் ஊர் சுற்றிவிட்டு, அதே ஆலையில் ஓர் இயந்திரத்துக்குள் வந்து குடியேறியது. கணக்கில் இருந்த அறுபது சென், கடன் கடிதத்தை நகல் எடுத்த செலவு என்று கணக்கு எழுதும் கிராணி மோகனதாஸ் சொன்னார். அதை யாரும் மறுக்கவில்லை.

அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் அந்த ஆலைக்கு மூக்கு தங்கராஜுதான். லோரிகள் பழக்குலைகளைக் கொட்டும் சரிவு மேடையை ரேம்ப் என்பார்கள். அங்கே மற்றவர்கள் நிறத்தைப் பார்த்தும் உதிர்ந்த பழத்தை எண்ணியும் தரம் பிரிப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு லோரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். எது காய், எது பழம், மேலே நேற்று வெட்டியதை அடுக்கி அடியில் ஐந்து நாள் அழுகலை மறைத்திருக்கிறார்களா, வழியில் மழை பிடித்ததா, டிரைவர் பெக்கோக்கில் நிறுத்தி மீன் வாங்கினாரா, எல்லாம் சொல்லிவிடுவார். 2021 ஜூலையில் பதினான்கு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது காப்பி அவருக்கு வெறும் சுடுதண்ணீராக இருந்தது. அந்த வருடம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் ஆனது. அவர்களுக்கெல்லாம் மூன்று வாரத்தில் திரும்பி வந்தது, இவருக்கு வரவில்லை. வேலை போய்விடுமே என்ற பயத்தில் யாரிடமும் சொல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு லோரியைச் சுற்றுவதை மட்டும் வழக்கம்போலச் செய்துவந்தார். நவம்பரில் அடியில் அழுகல் அடுக்கிய மூன்று லோரிகளை நல்ல பழம் என்று உள்ளே விட்டார். தொட்டி எண்ணெய் முழுக்கப் புளித்தது, வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள், நட்டத்தில் ஒரு பங்கை ஆலை அவர் பேரில் எழுதியது. அவர் கடிதத்தைப் படிக்கவில்லை, படிக்கவும் தெரியாது. கைநாட்டு வைத்தார். ஜனவரியிலிருந்து மாதம் ஐம்பது வெள்ளி சம்பளத்தில் பிடித்தார்கள்.

அந்த மோப்பம் எங்கெல்லாம் போனது என்பது பிற்பாடு கூட்டிக் கழித்துத் தெரிந்துகொண்டதுதான். தங்காக்கில் ஒரு துணிக்கடைக்காரர் ஒரு வியாழக்கிழமை மட்டும், தன் கடையில் தொங்கிய நானூறு சேலைகளில் யார் யார் கட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார்கள் என்று வாசத்திலேயே சொன்னார். பெக்கோக்கில் ஒரு கிழட்டு ஆடு இரண்டு மாதம் மழையை முன்கூட்டிச் சொன்னது. குளுவாங் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அம்மாள் ஒரு வாரம், பயணிகள் வாய் திறக்குமுன்பே அவர்கள் போகும் ஊரை மோந்தே எழுதினார். எல்லாம் கொஞ்ச காலம்தான். மோப்பம் எங்கும் நிலைக்கவில்லை, தன் பழைய வேலையைத் தேடிக்கொண்டிருந்தது.

2024 மார்ச்சில் ஆலைக்கு மின் மூக்கு வந்தது. ஜொகூர் பாருவில் ஒரு கம்பெனி வாடகைக்கு விட்ட சாம்பல் நிறப் பெட்டி. எட்டுத் துளைகளால் காற்றை இழுத்து, பழம் எந்தத் தரம் என்று மலாயில் சீட்டு அடித்துத் தரும். அதைப் பொருத்திக் காட்டவும் கூட இருந்து கவனிக்கவும் கம்பெனி அனுப்பியவர் லோஷினி, இருபத்தேழு வயது இஞ்சினியர், மாசாயில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். முதல் பதினோரு நாள் பெட்டி எல்லாவற்றையும் பழுத்தது என்றது. பச்சைக்காயைப் பழுத்தது என்றது, ரப்பர் செருப்பைப் பழுத்தது என்றது, மேனேஜர் சிறீகாந்தனின் மதியச் சாப்பாட்டையும் பழுத்தது என்றது. பன்னிரண்டாம் நாள் காலை, துளைகளில் தூசி அடைத்திருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் தங்கராஜு தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டார். துடைக்கும்போது ஒரு தும்மல் வந்தது. அன்று மதியத்திலிருந்து பெட்டி பிசகாமல் தரம் பிரித்தது. மறுநாள் பத்து மணிக்கு இரண்டு லோரிகளுக்கு நடுவே, பெட்டிக்குள் யாரும் வைக்காத தமிழ் எழுத்தில் ஒரு சீட்டு வந்தது. லோஷினி அதை இரண்டு தரம் படித்துவிட்டு, தங்கராஜுவைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்தார்: தங்கராஜு வீட்டுல பிளாச்சான் சம்பால். உப்பு பத்தாது.

இறால் விழுதில் செய்யும் அந்தச் சம்பாலின் வாசம் கடுமைதான், ஆனாலும் ஆலைக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே இரண்டு மைல் செம்பனை. அவர் வீட்டுக்குப் போன் அடித்தார்.

"வெள்ள, என்ன சமைக்கிற?"

"ஏன், வேலய விட்டு எடுத்துட்டாங்களா? இந்நேரத்துல என்ன போனு?" என்றாள் மனைவி வெள்ளையம்மா.

"பிளாச்சான் சம்பாலா?"

"யாரு சொன்னா?"

"உப்பு பத்தலயாம்."

அந்தப் பக்கம் கரண்டி சட்டியில் படும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமா, பத்தல," என்றாள்.

தன்னுடைய மூக்கு எங்கே இருக்கிறது என்று தங்கராஜுவுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் வேலைக்கு வந்ததும் முதலில் அந்த எட்டுத் துளைகளையும் ஈரத்துணியால் துடைத்தார். பெட்டி ஒரு நாளைக்கு ஆறு ஏழு தமிழ்ச் சீட்டு அடித்தது. மூணு மணிக்கு மழ, துணிய எடு. பக்கத்து வீட்டு கேஸ் ட்யூப் கசியுது. ஆலை வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜெய்னம்பு இதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் சால்னாச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நேத்து வச்சது, இன்னைக்குன்னு விக்காத என்று சீட்டு வந்ததும், சட்டியை மூடிக்கொண்டு போனவர் ஒரு வாரம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இதெல்லாம் ரேம்ப்பில் இரண்டு வாரத்தில் சாதாரணமாகிப் போனது.

கஷ்டம் வேறு பக்கத்தில் இருந்து வந்தது. தங்கராஜுவுக்கு எழுத்துத் தெரியாது, லோஷினிதான் படித்துச் சொல்ல வேண்டும். லோரி இரைச்சலில் அவர் கத்தித்தான் படிப்பார். ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை டிரைவர்கள் எட்டுப் பேர் வரிசையில் நிற்கும்போது வந்த சீட்டு, தங்கராஜு துண்ட தொவைச்சு ஒம்பது நாளாச்சு என்றது.

"அலமாக் அங்கிள்! ஒம்பது நாளா?"

"மெதுவாப் படிம்மா."

"அவங்க மெதுவாத்தான் படிக்கிறாங்க லா, உங்க துண்டுதான் சத்தம் போடுது," என்றார் ஒரு டிரைவர் பின்னாலிருந்து.

அன்று சாயங்காலமே வெள்ளையம்மாவிடம் எழுத்துச் சொல்லித் தரச் சொன்னார். அவள் ஆறாவது வரை படித்தவள். ஐம்பத்து நாலு வயதில், இரவுச் சோற்றுக்கு உலை கொதிக்கிற நேரத்தில், சாப்பாட்டு மேசையில் அன்றைய சீட்டுகளைப் பரப்பிவைத்து ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். முதலில் பிடிபட்ட எழுத்து ம, மழைக்கும் மண்ணுக்கும் மஞ்சளுக்கும் வருவதால். ழகரம் வர ஒரு மாதம் ஆனது. குலை தூக்கித் தூக்கி மரத்துப்போன விரல் அது. எழுதப் போனால் பென்சில் ஒடிந்தது. ஆனாலும் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. மற்றவர்களுக்கு மூக்கு வழியாக வருவது தனக்குக் கண் வழியாக வருகிறது, வந்தவரைக்கும் லாபம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் ஒரு நாள் லோஷினி ஜொகூர் பாரு போயிருந்தார். வந்த சீட்டைத் தங்கராஜுவே முழுசாகப் படித்தார். முழுசாகப் படித்த முதல் சீட்டு. வெள்ளையம்மா தலையில மல்லி எண்ண இல்ல. வெறும் தேங்கா எண்ண. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தார்.

"எப்பலேர்ந்து?"

"அது ஆச்சு ரெண்டு வருசத்துக்கு மேல. மாசம் அம்பது வெள்ளி எங்கேந்து குறையும்னு நெனச்சீங்க?"

"சொல்லக் கூடாதா?"

"மோந்து பாக்க முடியாத மனுசனுக்கு எதுக்கு மல்லி எண்ண? காசுக்குப் புடிச்ச கேடு."

காய்ச்சலில் இருந்து எழுந்த முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் சாப்பிடும் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அவரே சொல்லட்டும் என்று மூன்று வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். அந்தப் பெட்டிக்கும், அதைச் செய்தவர்களுக்கும், தன்னை மூன்று வருடம் காட்டிக்கொடுக்காத இவளுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவி வைத்தார். மறுநாளிலிருந்து வெள்ளையம்மா ஆலை இருக்கும் திசையில் உள்ள அடுப்படிச் சன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தாள். நெத்திலி பொரிக்கும்போது வாணலியைச் சன்னல் ஓரமாகத் தள்ளிப் பிடிப்பாள்.

செப்டம்பரில் கம்பெனி கணக்குப் பார்த்தது. மற்ற ஆலைகளில் ஒரு மாதம் வரும் காகிதச் சுருள் காஹாங்கில் பத்து நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. பெட்டியில் கோளாறு என்று முடிவு செய்தார்கள். லோஷினி ரேம்ப்புக்கு வந்து தங்கராஜுவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அங்கிள், வெள்ளிக்கிழம லோரி வருது. பெட்டிய எடுத்துட்டுப் போயி உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சிருவாங்க. வேற பெட்டி தருவாங்க."

"அழிச்சா என்னோடது எங்க போகும்?"

"எனக்குத் தெரியல அங்கிள். கேட்டுப் பாத்தேன். அப்படி ஒன்னு உள்ள இருக்குன்னு எழுத அவங்க பாரத்துல எடம் இல்ல."

மோப்பம் திரும்பவும் அலைய ஆரம்பித்தால் இந்தமுறை எங்கே போய் ஒண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழையும் தெரியாது, வீட்டில் என்ன கொதிக்கிறது என்று தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவளின் தலை வாசம் சாகிறவரைக்கும் தெரியாது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் மேனேஜரிடம் போக வேண்டும். போனால் 2021இல் மூக்கில்லாமல் மூக்கு வேலை பார்த்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகலாம். புதன்கிழமை பிற்பகல் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, தங்கராஜு ஆபீசுக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

சிறீகாந்தன் யாழ்ப்பாணத்துப் பரம்பரை. தகப்பனும் தகப்பனுக்குத் தகப்பனும் ரயில்வேயில் கணக்கு எழுதியவர்கள். கணக்கில் தலைப்பு இல்லாத எதையும் அவர் நம்பமாட்டார். அவர் கோபப்படவில்லை. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு ரேம்ப்புக்கு நடந்தார். பெட்டிக்கு முன்னால் போய் லோரி நிற்பதுபோல நின்றார்.

"அது உங்கட மூக்குத்தான் எண்டா, என்னப் பத்திச் சொல்லட்டும் பாப்பம்."

பெட்டி காற்றை இழுத்தது. சீட்டு வந்தது. லோஷினி கை நீட்டுவதற்குள் தங்கராஜுவே அதைக் கிழித்தெடுத்து, விரல் வைத்து, எல்லார் முன்னாலும் நிறுத்தி நிறுத்திப் படித்தார்: மொத நாள் போட்டு வந்த அதே பவுடரு. அன்னைக்குப் பயத்துல வேர்த்திருந்திச்சு. இன்னைக்கும் பயத்துல வேர்க்குது.

இருபத்தொரு வருடத்துக்கு முன் இளம் அதிகாரியாக அந்த ரேம்ப்பில் சிறீகாந்தன் முதல் தடவை ஏறிய காலையில், அங்கே இருந்தவர் தங்கராஜு ஒருவர்தான். சிறீகாந்தன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். மின் மூக்கு தோற்றால் தன்னை மாற்றிவிடுவார்கள் என்று ஒரு மாதமாகத் தூங்காமல் இருப்பதாக, யாரும் கேட்காமலே எல்லாரிடமும் சொன்னார். பிறகு, "பன்னிரண்டாம் நாளில இருந்து பெட்டி வேலை செய்ததே உங்கட மூக்காலதானே?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"அப்ப ஆறு மாசமா நாங்கள் உங்கட மூக்கைக் காசு குடுக்காமல் சும்மா பாவிச்சிருக்கிறம்."

"பரவால்லங்கய்யா. அதுக்கு ஒரு எடம் கொடுத்தீங்களே, அதுவே போதும்."

"போதாது. கணக்கில இடிக்கும்," என்றார் சிறீகாந்தன்.

வியாழக்கிழமையே பெட்டியை ஆலை விலைக்கு வாங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்த லோரி வெறும் லோரியாகத் திரும்பிப் போனது, டிரைவர் ஜெய்னம்பு கடையில் சாப்பிட்டுவிட்டுப் போனார். கம்பெனி அனுப்பிய கேள்விக் கடிதத்துக்கு லோஷினி, பெட்டியில் உள்ளூர் ஆள் ஒருவர் இருக்கிறார், கோளாறு ஏதுமில்லை என்று ஒரு வரியில் பதில் எழுதினார். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை. மூக்குக்குத் தொழிலாளர் காப்புறுதி பிடிப்பதா வேண்டாமா என்று மட்டும் மோகனதாஸுக்கு இரண்டு நாள் சந்தேகம் இருந்தது. பிறகு பாரத்தை நிரப்பி அனுப்பினார், வேலை செய்யும் இடம் ரேம்ப் என்று. அட்டை தபாலில் வந்தது. வெள்ளையம்மா மல்லி எண்ணெய் வாங்கித் தலையில் வைத்த அன்று, வேலை நேரத்தில் பதினோரு சீட்டு வந்தது, பதினொன்றிலும் அந்த மல்லி எண்ணெய் ஒன்றுதான். தங்கராஜு பதினொன்றையும் படித்தார்.

அவருடைய முகத்தில் இருக்கும் மூக்குக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. அவர் அதைப் பற்றிக் குறை சொல்லி யாரும் கேட்டதில்லை.

கடன் கணக்கில் முப்பத்து மூன்று மாதம் பிடித்ததுபோக இரண்டாயிரத்து அறுநூற்று அறுபத்தெட்டு வெள்ளி அறுபது சென் பாக்கி நின்றது. அந்த மாதக் கடைசியில் சிறீகாந்தன் மூக்கு வாடகை என்று தன் கையால் ஒரு தலைப்பு எழுதினார். ஆறு மாதத்துக்கு, மாதம் நானூற்று நாற்பத்து நாலு வெள்ளி எழுபத்தாறு சென். கடைசி மாதத்துக்கு மட்டும் நாலு சென் கூட. வரவும் பாக்கியும் நேராக வந்தன. தங்கராஜு அந்தத் தாளை மேலிருந்து கீழே ஒரு தரம் படித்தார். நாலு சென் எதற்கு என்று கேட்டார். மோகனதாஸ் விளக்கினார். சரி என்று சொல்லி, பேனாவை வாங்கி, தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மோகனதாஸ் கடன் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்தார்.