பதினோராம் மாடி வைரவர்

கனடாவில், டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி, ஓர் அறை வீடு. அதில் வைரவருக்குக் கிடைத்த இடம் வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அடித்த ஒரு பலகை. காவல்தெய்வம் வாசலில் இருப்பதுதானே முறை என்று தங்கேஸ்வரி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வைரவர் என்றால் ஒரு சாண் உயர வெள்ளைக் கல். கடலோரத்துக் கல், தொட்டால் சொரசொரக்கும். அதன் முகத்தில் மூன்று கவடாய் ஒரு கீறல் இருந்தது. சூலம் தெரிந்தால் அது வைரவர். அதற்குமேல் எங்கள் சனம் எதை விசாரித்தது?

கல் கிடைத்தது டியேகோ கார்சியாவில். கனடாவுக்கென்று வெளிக்கிட்ட படகு நடுக்கடலில் பழுதாகி, அவளையும் மற்றவர்களையும் அந்தத் தீவில்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. தீவு தன்னுடையது என்கிறான் வெள்ளைக்காரன். விமானத்தளம் அமெரிக்கனுடையது. அந்த மண்ணுக்கு உரிய சனத்தை மட்டும் அங்கே காணவில்லை. மூன்று வருடம் வேலிக்குள், எலி ஓடும் கூடாரத்தில் கிடந்தாள். ஒருநாள் காவலோடு கடற்கரையில் நடக்க விட்டபோது, பற்றைக்குள் இந்தக் கல்லைக் கண்டு மடிக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள்.

தென்னையடியில் வைத்து நேர்ந்தாள். “என்னை என்ரை மனுசனிட்டச் சேர்த்துவிடு. ஒரு பிள்ளையைத் தா. உன்னை இஞ்சை தனிய விட்டுட்டுப் போகமாட்டன்.”

இரண்டும் பலித்தன. கனடாவில் இருந்த கணவன் நிரூபனின் ஸ்பொன்சர் சரிவந்தது. முப்பத்தெட்டு வயதில் இப்போது வயிற்றில் ஏழு மாதம்.

குளிர் தொடங்கியபோது நாய்கள் வந்தன. அந்தியில் விளக்கு வைத்தால் போதும், கதவில் நகம் பிறாண்டும் சத்தம் கேட்கும். கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். கொரிடோரில் ஒன்றும் இராது. மூடினால் மறுபடியும் பிறாண்டும். அந்த மாடியில் நாய் வளர்ப்பவர்களே இல்லை. வேறொருத்தி என்றால் வீட்டை விட்டே ஓடியிருப்பாள். இவளோ பூரித்துப்போனாள். வைரவருக்கு வாகனம் நாய் அல்லவா? உளுந்து ஊறப்போட்டு வடைமாலை சாத்தினாள்.

பிறகு முகட்டிலிருந்த நஞ்சுப்புகை அலாரம் கத்தத் தொடங்கியது. கட்டடத்தைப் பார்க்கும் றொபேட் இரண்டு தடவை புதிது மாற்றினான். அடுப்பு மின்சாரம், கராஜ் நிலத்துக்குக் கீழே. பதினோராம் மாடிக்கு வாகனப் புகை எப்படி வரும் என்று தலையைச் சொறிந்துகொண்டு போனான். ஆனால் புகை மணம் வந்தது. டொக்டர் அவளுடைய இரத்தத்தைச் சோதித்து, அதில் நஞ்சுப்புகை கண்டு, சிகரெட் பிடிக்கிறாயா என்று கேட்டார். இப்படியே போனால் பிள்ளை தங்காது என்றும் சொன்னார்.

“உந்தக் கல்லு வந்த நாளில இருந்து ஒண்டும் சரியில்லை. கொண்டுபோய் எறியப்பா” என்றான் நிரூபன்.

“எறிஞ்சால், தந்த பிள்ளையைத் திருப்பி எடுத்துப்போடுவார். நீங்கள் சும்மா இருங்கோ.”

வைத்திருந்தாலும் பிள்ளை போகும், எறிந்தாலும் போகும்.

அவள் வேலை செய்தது ஹோட்டல் துணி தோய்க்கும் தொழிற்சாலையில். படுக்கைவிரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். மறுமுனையைப் பிடிப்பவள் மொரீசியசிலிருந்து வந்த மெலனி. ஒருநாள் பேச்சுவாக்கில் தீவின் பெயரைச் சொன்னதும் மெலனியின் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது.

“என் அம்மா பிறந்த இடம்” என்றாள் மெலனி. இருவரும் பேசியது அரைகுறை ஆங்கிலம். இங்கே தமிழில் சொல்கிறேன். “ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுவந்த சனம் நாங்கள். தேங்காய்த் தோட்டம், கோயில், கல்லறை எல்லாம் எங்களுக்கு இருந்தன. ஐம்பது வருடத்துக்கு முன்பு, படைத்தளம் வேண்டுமென்று எல்லாரையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். நாய்களை ஏற்ற விடவில்லை. கொப்பரா காயவைக்கும் கொட்டிலுக்குள் அடைத்து, வாகனப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள்.”

தங்கேஸ்வரி கல்லையும் கதவில் பிறாண்டும் சத்தத்தையும் புகை மணத்தையும் பற்றி அவளிடம் சொன்னாள். அன்று அந்தியிலேயே அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

மெலனி பலகையைப் பார்த்தாள். கல்லில் அப்பியிருந்த சந்தனத்தை விரலால் மெதுவாகத் துடைத்தாள். மூன்று கவடுக்குக் கீழே கோடு இன்னும் நீண்டது. சூலம் அல்ல, சிலுவை.

“இது யாரோ ஒருவருடைய தலைமாட்டுக் கல்.”

“ஐயோ” என்றாள் தங்கேஸ்வரி.

சப்பாத்து கழற்றக் குனிந்த மெலனி நிமிரவில்லை. கதவின் கீழ்ப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். சப்பாத்துத் தட்டு மறைத்திருந்த இடத்தில் பெயின்ற் உரிந்து மரம் தெரிந்தது. நகக்கீறல்கள், ஒன்றின்மேல் ஒன்றாய். எல்லாமே கதவின் உட்பக்கத்தில்.

“அவை உள்ளே வரக் கேட்கவில்லை” என்றாள் மெலனி. “வெளியே போகக் கேட்கின்றன.”

இத்தனை நாளும் தான் ஒவ்வொரு அந்தியிலும் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியது தங்கேஸ்வரிக்கு நினைவு வந்தது. விட்டுவிட்டுப் போகமாட்டன் என்று அவள் சொன்னது தெய்வத்துக்கு. அந்தத் தீவை விட்டுப் போன ஒருவரும் சொல்ல முடியாதிருந்த அந்தச் சொல்லை நம்பி அவளோடு கடல் தாண்டி வந்தவை நாய்கள். அவள் வெட்கத்தில் அழுதாள்.

“தீவுக்குப் போக விடும்போது இதைக் கொண்டுபோய் வைக்கிறேன். அதுவரை என்னோடு இருக்கட்டும். என் வீட்டில் கதவு திறந்திருக்கும்” என்று மெலனி கல்லை மார்போடு அணைத்தாள்.

தங்கேஸ்வரி வாசற்கதவைத் திறந்து பிடித்தாள். மெலனி தனியாகத்தான் லிஃப்டில் ஏறினாள். பாரம் கூடிவிட்டது என்று லிஃப்ட் மணியடித்தது. கதவு மூட மறுத்தது. அவள் இறங்கி, படிக்கட்டுக் கதவைத் திறந்து, தாய் விட்டுவந்த நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். “கப்பித்தேன்!”

எங்கேயோ ஒரு குரைப்பு. பிறகு தங்கேஸ்வரியின் கணுக்காலை உரசிக்கொண்டு வெதுவெதுப்பாய் ஒன்று போனது. அடுத்தது. அதற்கடுத்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வரை எண்ணியவள் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். மெலனியின் காலடியோடு படிகளில் நகச்சத்தம் கீழே கீழே இறங்கி ஓய்ந்தது.

அலாரம் மட்டும் ஓயவில்லை.

அவள் உள்ளே திரும்பினாள். பலகைக்குக் கீழே, மூலையில், யாரோ பாரமாய் மூச்சுவிட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, கையை நீட்டித் தடவினாள். காற்றில், உருண்டு தொங்கிய ஒரு வயிறு கையில் பட்டது. அதற்குள் குட்டிகள் அசைந்தன.

“எழும்பம்மா” என்றாள். “நானும் உன்னை மாதிரித்தான். எனக்கும் எழும்பக் கஷ்டம். ஆனால் எழும்பத்தான் வேணும்.”

அந்த வயிறு அவளுடைய முழங்காலை உரசிக்கொண்டு வாசலைத் தாண்டியது. அலாரம் நின்றது. அவளுடைய பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது. தங்கேஸ்வரி சுவரைப் பிடித்து எழும்பி, படிக்கட்டுக்கு ஓடிப்போய்க் கீழே பார்த்துக் கத்தினாள்.

“மெலனி, வாசலை மூடிப்போடாதை! இன்னும் ஒண்டு வருகுது, ஆறுதலாத்தான் வரும்!”

கீழே மெலனி கட்டடத்தின் பெரிய கதவைத் தோளால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு, பனிக்குள் காத்து நின்றாள்.