வால்வின் வாய் எந்தப் பக்கம்

1

இது கற்பனையில் உதித்த கதை அல்ல. போன மாதம் திருச்செங்கோடு பஸ் நிலையத்தில் ஒரு லாரி பிரேக் போட்டுப் புஸ்ஸென்று காற்றை விட்டது. நான் துள்ளி விலகியதில் பக்கத்தில் நின்ற அம்மாளின் கூடையில் பத்து முட்டை உடைந்தது. நான்கு வருடமாக எழுதாமல் வைத்திருந்ததை அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். இது ஏழாவது வரைவு.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "மல்லசமுத்திரத்துச் சின்னுசாமி கர்வத்தால் கெட்டவர்." அடித்துவிட்டேன். அவர் கெட்டவரும் இல்லை, கெட்டுப்போகவும் இல்லை.

2

1985. சின்னுசாமி நாற்பது ஏக்கர்க்காரர். வெள்ளை அம்பாசடர் வைத்திருந்தார். மெட்ராஸில் ஒரு பழைய இரும்புக் கடையில், வெளிநாட்டுக் காரில் கழற்றிய டர்போ* ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதைத் தன் காரில் மாட்டியே தீர்வதென்று ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் மெக்கானிக் வீரபாகுவைக் கூப்பிட்டார்.

(* எஞ்சின் விடும் புகையாலேயே சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சக்கரம். இதை விளக்காவிட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்கிறாள் என் மனைவி. விளக்கினால் மீதிப் பேரும் போய்விடுவார்கள் என்பது என் பயம்.)

அழுத்திய காற்று சுடும். அதை ஆற்ற ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு இன்டர்கூலர். அங்கே போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய். மூன்று வாரம் ஊரில் இதே பேச்சு.

"ஒவ்வொரு வளைவுக்கும் காத்து இளைச்சுப் போயிருமுங்க," என்றார் வீரபாகு. "பேட்டரியத் தூக்கி டிக்கில வெச்சுட்டா, குழாய நேரா உட்டரலாம்."

கடைசியில் ஒரு வால்வு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார்புரேட்டர் மூடிக்கொள்ளும். உள்ளே மாட்டிய காற்று வெளியேற ஒரு வாசல் வேண்டும். அதைக் கார்புரேட்டரை ஒட்டி வைப்பதென்று முடிவாயிற்று. ஆனால் அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில்தான்

(ஆறு வரைவிலும் இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டிருக்கிறேன்.)

3

கார் ஓடியது. பிரமாதமாகவே ஓடியது. வெள்ளோட்டத்தில் நான் பின்சீட்டில் இருந்தேன். முன்னால் ஒரு மாட்டுவண்டி. அதை ஓட்டியவர் அப்புசாமி, சின்னுசாமியின் மனைவிக்கு அண்ணன்.

"மச்சான் மாடு மிரளப்போவுது. மெதுவாப் போலாமுங்க," என்று, வண்டியை ஒட்டிக் கடக்கையில் சின்னுசாமி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

அந்த நல்லெண்ணம்தான் வினை. வால்வு திறந்தது. இடப்பக்க மட்கார்டு ஓட்டை வழியாக, வலது மாட்டின் காதோரம், நூறு நல்லபாம்பு சேர்ந்து சீறிய மாதிரி ஒரு சத்தம். மாடுகள் வாய்க்காலில் பாய்ந்தன. வண்டி குடை சாய்ந்தது. அப்புசாமியின் கால் சக்கரத்துக்கு அடியில். ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குள் ஓடியது.

அதே காரில்தான் அவரைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வேகம் குறைத்த இடமெல்லாம் வால்வு சீறியது. சீறலுக்கு ஒரு கெட்ட வார்த்தை வீதம் அப்புசாமி திட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் கெஞ்சினார்: "காலை எடுக்காத மாப்ள! மிதிச்சுட்டே போ சாமி!"

சிரிக்காதீர்கள். நான் சிரித்தேன். அதற்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

4

ஊர் சின்னுசாமியைக் குறை சொன்னது. சின்னுசாமி வீரபாகுவைச் சொன்னார். "வரஞ்சு குடுத்த படத்துல அப்படித்தானுங்களே இருந்துச்சு," என்றார் வீரபாகு. அந்தப் படத்தை வாங்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

படம் வரைந்தது நான். அந்த ஊர்ப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். "வாய் கீழ தரையப் பாக்கட்டுமுங்க," என்று வீரபாகு தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் தாளில் கீழே அம்புக்குறி போட இடமில்லை. அங்கே "வரைந்தது: செங்கோடன்" என்று நிழல் வைத்து, அழகாக, என் பெயரை எழுதியிருந்தேன். அதனால் அம்பை இடப்பக்கம் திருப்பிவிட்டேன். சின்னுசாமி மாற்றச் சொல்லியிருப்பார் என்று வீரபாகு நினைத்தார். வீரபாகு மாற்றியிருப்பார் என்று சின்னுசாமி நினைத்தார்.

அந்த வருடமே தம்மம்பட்டிக்கு மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

5

முடிவு ஒன்று: நான் மன்னிப்புக் கேட்கிறேன், அப்புசாமி என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார். (எங்கள் பக்கம் ஆண்கள் அப்படிச் செய்வதில்லை.)

முடிவு இரண்டு: ஊன்றுகோலால் என்னை அடிக்கிறார். (எனக்கு இதுதான் வசதி.)

நடந்தது: போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், மூன்றாம், நாலாம் பகுதிகளைப் படித்துக் காட்டினேன். மடக்க முடியாத காலை நீட்டி உட்கார்ந்து கேட்டார்.

"கால் போனது ஆராலன்னு நான் கேக்கவே இல்லீங்களே வாத்தியாரே," என்றார். "ஓடுன மாடு என்னாச்சுன்னு ஏன் எழுதல?"

"எனக்குத் தெரியாதுங்க. என்னாச்சுங்க?"

"நாலு வருசத்துல ஒருத்தரும் கேக்கலீங்க."

"சொல்லுங்க, எழுதிடறேன்."

"ஓ, எழுதறதுக்குத்தான் கேக்கறீங்களா?"

சுவரைப் பிடித்து எழுந்து, உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

மரவள்ளிக் காட்டைத் தாண்டி அந்த மாடு

இல்லை. அதை நான் கற்பனையாக எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமென்றால் மல்லசமுத்திரத்தில் இறங்கி, அப்புசாமி வீடு எது என்று விசாரித்துப் போங்கள். கையில் பேனா இல்லாமல் போங்கள்.