கை வைக்காத ஷிப்ட்

சலவைத்தூள் கம்பெனியில் நான் தரப் பிரிவு. என் வீட்டுக்காரர் மூன்றாம் நம்பர் மெஷின். பாக்கெட்டில் தூள் நிரப்பும் மெஷின் அது. எடையைக் கூட்டிக் குறைக்கப் பக்கவாட்டில் ஒரு குமிழ் உண்டு. பாக்கெட் கொஞ்சம் கனத்தால் இந்தப் பக்கம் ஒரு திருகு, குறைந்தால் அந்தப் பக்கம் ஒரு திருகு. நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் திருகாணி அண்ணன். அதில் அவருக்குப் பெருமை வேறு.

அந்த மெஷினுக்குத்தான் கெட்ட காலம் வந்தது. பாக்கெட்டில் எடை குறைகிறது என்று கடைகளிலிருந்து புகார். "கெழட்டு மெஷின். மாசக் கடைசிக்குள்ள சரியாகலன்னா கழட்டிடலாம்," என்றார் மேலாளர். கழற்றினால் இவருக்கு நைட் ஷிப்ட். நான் வீட்டுக்குள் நுழையும்போது இவர் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவார். பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போன பிறகு எங்களுக்கென்று மிஞ்சியது சாயங்காலம் ஒன்றுதான். அதையும் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

அதே மேலாளர், தொழிலாளர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார். வகுப்புக்காக மெஷின்களின் பழைய எடைகளை வரைபடமாகப் போட்டேன். மூன்றாம் மெஷினின் புள்ளிகள் மேலும் கீழும் தாவின. ஒரே ஒரு வாரம் மட்டும் சமர்த்தாக நடுவில் கிடந்தன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் அது. இவருக்குப் பதிலாக மெஷினில் நின்ற எலக்ட்ரீஷியன், குமிழ் பக்கமே எட்டிப் பார்க்காத சோம்பேறி. மேலாளர் மாதச் சராசரியை மட்டும்தான் பார்ப்பார். சராசரி எப்போதும் சரியாகவே இருந்ததால் அவர் கண்ணில் இது படவில்லை.

இதை வீட்டில் சொன்னால் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வகுப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

கேன்டீன் தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன். அடியில் ஓட்டை போட்ட காகிதக் கப் வழியாக இரும்பு நட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் போட வேண்டும். எலக்ட்ரீஷியன் கப்பை அசைக்கக் கூடாது. இவர் மட்டும், நட்டு எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவு தூரம் எதிர்ப் பக்கம் கப்பை நகர்த்தலாம். இவருக்கு ஒரே குஷி.

எலக்ட்ரீஷியனின் நட்டுகள் புள்ளியைச் சுற்றிக் கிடந்தன. இவருடையவை மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டன.

"தரை கோணலா இருக்கு," என்றார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே தரைதானண்ணே," என்றார் எலக்ட்ரீஷியன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நட்டு தானாவே கொஞ்சம் அங்க இங்க விழத்தான் செய்யும்," என்றேன். "அதுக்குப் பின்னாடியே நாமளும் ஓடினா, அதோட ஆட்டத்தோட நம்ம ஆட்டமும் சேர்ந்துக்கும்."

இவர் சிரிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தின் அருகே போய், புள்ளிகள் நடுவில் கிடந்த இடத்தில் விரல் வைத்தார். "இந்த வாரம் நான் வரல, இல்ல?"

"ஆமாங்க."

வீடு திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் இவர் வேலை என்று நினைத்துச் செய்ததையே தப்பு என்று சொல்லிவிட்டேனே. மறுநாள் காலையில் அவராகவே, "எதுவரைக்கும் தொடக்கூடாதுன்னு கோடு போட்டுக் குடு," என்றார். அந்தக் காய்ச்சல் வாரத்து எடைகளை வைத்து மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கோடுகள் போட்டேன். எடை அவற்றைத் தாண்டினால் மட்டும் குமிழைத் தொடலாம்.

அன்று கையைக் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றார். நேரம் பார்த்து மேலாளர் வந்தார். ஒரு பாக்கெட் கனத்து வந்தது.

"திருப்புய்யா. வேடிக்கை பாக்கவா வந்தே?"

கை குமிழ்வரை போனது. கை திரும்பி வந்தது.

"கோட்டுக்குள்ளதான் சார் இருக்கு."

அடுத்தது இளைத்து வந்தது. அதற்கும் இவர் அசையவில்லை. அதற்கடுத்தது கச்சிதம். மேலாளர் ஏதோ முணுமுணுத்தபடி போய்விட்டார்.

மாதக் கடைசிவரை அப்படியே ஓட்டினார். புகார் நின்றது. மேலாளர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தப் பார்ட்ட மாத்தினே?"

"மெஷின்ல ஒண்ணும் மாத்தல சார். என்னத்தான் மாத்திக்கிட்டேன்."

மெஷின் பிழைத்தது. சாயங்காலமும் பிழைத்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்ததும் இவர் சோபாவில் பொத்தென்று விழுந்தார்.

"சும்மா நிக்கிறது இவ்வளவு கஷ்டமா? தோள்பட்டை விட்டுப்போச்சு. நாளைக்கும் இப்படித்தான் நிக்கணுமா?"

"ஆமாங்க."

"ரிட்டயர் ஆகுறவரைக்கும்?"

"ஆமா."

"இதுக்கு நைட் ஷிப்ட்டே தேவல," என்று சொல்லிவிட்டு, நான் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.