பூ விழுந்தால் படுக்கை

1

இலக்கியத்தின் ஆகப் பெரிய எதிரி புள்ளியியல். இதை முழுப் பொறுப்போடு சொல்கிறேன். கதைக்கு ஒரு மனிதன் போதும். புள்ளியியலுக்கு நூறு பேர் வேண்டும், அந்த நூறு பேரில் ஒருவருக்கும் முகம் இருக்கக் கூடாது. போதாக்குறைக்கு, எந்த நோயாளிக்கு எந்தப் பயிற்சி என்பதைக் காசு சுண்டி முடிவு செய்வார்களாம். காசு சுண்டுவது யோசிக்கச் சோம்பல்படுகிறவன் வேலை. எழுத்தாளன் செத்தாலும் அதைச் செய்ய மாட்டான்.

இந்தக் கதை பிறந்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். என் அக்கா பிசியோதெரபிஸ்ட். மருத்துவ ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கான அடிப்படைப் புள்ளியியல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். "சராசரி... இடைநிலை..." என்று முனகிக்கொண்டே சாப்பிட்டாள். நான் சிரித்தேன்.

"சிரிக்கிறவன் இதை ஒரு கதையா எழுதிக் காட்டு பாப்போம்," என்றாள்.

இதோ.

2

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்தது, அவள் மனதிலும்... (வேண்டாம். மருத்துவமனைக்குக் கூரை இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: எண்களுக்கும் இதயம் உண்டோ என்று அவள்... (இதை எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டேன்.)

மூன்றாவது. அக்காவின் வார்டில் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் படுத்திருப்பார்கள். வழக்கமாகப் படுக்கையிலேயே பயிற்சி கொடுப்பார்கள். வார்டை ஒட்டி ஜன்னலும் கைப்பிடிக் கம்பியுமாக நீளமான வராந்தா ஒன்று. அதில் நடக்கவைத்தால் சீக்கிரம் தேறிவிடுவார்கள் என்று அக்கா நம்பினாள். அங்கே அலமாரி அடுக்கினால் நன்றாக இருக்கும் என்று தலைமை மருத்துவர் நம்பினார்.

"வராந்தா வேணும்னா நிரூபிச்சுக் காட்டுங்கம்மா," என்றார். "இல்லைன்னா அலமாரி வந்துடும்."

அக்கா நிரூபித்தாள். வராந்தாவில் நடந்தவர்கள் எல்லாரும் பிரமாதமாகத் தேறியிருந்தார்கள். வரைபடம் போட்டு வகுப்பில் காட்டினாள். ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார்.

"வராந்தாவுக்கு யாரை அனுப்பறதுன்னு யார் முடிவு பண்ணினது?"

"நான்தான் மேடம்."

"எதை வச்சு?"

"பாத்தாலே தெரிஞ்சிடும் மேடம், யாருக்கு நடக்கத் தெம்பு இருக்குன்னு."

"சரி. தெம்பா இருக்கறவங்களை அனுப்புனீங்க. தெம்பா திரும்பி வந்தாங்க. இதுல வராந்தா என்ன பண்ணுச்சு?"

வகுப்பே சிரித்தது. அக்கா வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

3

அதன் பிறகுதான் காசு வந்தது.* சம்மதித்துச் சேர்கிற ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே சுண்டு. தலை விழுந்தால் வராந்தா, பூ விழுந்தால் படுக்கை. விழுந்தது விழுந்ததுதான். யாருக்காவது மறுபடி சுண்டினால் மொத்த ஆராய்ச்சியும் வீண் என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார்.

(* முறையான ஆராய்ச்சிகளில் இதைக் கணினி செய்யும். அக்காவின் வார்டுக் கணினி வேறொரு முக்கிய வேலையில் இருந்தது, அதாவது பழுதாகி இருந்தது.)

வந்து சேர்ந்தார் ஒரு தையல்காரர். மிதித்துத் தைக்கிற மெஷின் அவருடையது. கால் மடங்காவிட்டால் பிழைப்பு படுத்துவிடும். விதியைக் கேட்டார், தலையாட்டினார், தனக்குத் தலைதான் விழும் என்ற நிச்சயத்தோடு ஒப்புக்கொண்டார்.

(இந்த இடத்தில் இவர் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே வாசகரை உருக்க நான் செய்து வைத்த ஆள் மாதிரி இல்லை? ஆனால் அக்கா சத்தியம் செய்கிறாள், இருக்கிறாராம்.)

அக்கா சுண்டினாள். பூ.

"இது சரியா சுத்தலைம்மா," என்றார் அவர். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இன்னொரு தடவை சுண்டிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மைதான், யாருக்கும் தெரியாது. மறுபடி சுண்டினால் ஆராய்ச்சி கெடும், வராந்தாவில் அலமாரி ஏறும். சுண்டாவிட்டால் எதிரில் ஒரு மனிதர் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்காவின் கட்டைவிரல் காசுக்கு அடியில் போய்விட்டிருந்தது.

4

முடிவு அ: அவள் மறுபடி சுண்டினாள். தலை. தையல்காரர் ஜன்னல் வெயிலில் கம்பியைப் பிடித்து நடந்தார். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிவு ஆ: சுண்டவில்லை. (இதற்கு மேல் எழுத எனக்கு ஆர்வமில்லை.)

அ-வை அக்காவிடம் காட்டினேன்.

"நல்லா இருக்கு," என்றாள். அவள் அப்படிச் சொன்னால் உஷாராக இருக்க வேண்டும். "அவருக்கு வராந்தாதான் நல்லதுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"அதான் கதையில நடந்து காட்டறாரே."

"நடக்க வச்சதே நீதானே. ஆளைப் பொறுக்கறது நீ, முடிவைப் பொறுக்கறதும் நீ. உன் கதையில பாவப்பட்டவன் ஜெயிக்காம வேற என்ன பண்ணுவான்?"

"உனக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

"தெரிஞ்சா எதுக்குடா சுண்டறேன்? தூக்கிட்டே போயிருப்பேனே வராந்தாவுக்கு. தெரியலை. அதுக்குத்தான் காசு."

"சரி, நிஜத்துல என்ன பண்ணின?"

"எழுத்தாளர் நீங்க. எழுதுங்க," என்று தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

5

நான் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். அவள் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. என்ன செய்திருக்க வேண்டும் என்பதும், யோசித்துப் பார்த்தால்...

சட்டைப் பையில் சில்லறை கிடந்தது.

தலை விழுந்தால் அ. பூ விழுந்தால் ஆ.

காசு விரலில் பட்டுத் தெறித்துக் கட்டிலுக்கடியில் உருண்டது.

"உள்ள என்னடா சத்தம்?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லைம்மா, எழுதறேன்."

தவழ்ந்து போய்ப் பார்த்தேன். பூ.

உருண்டு விழுந்தது கணக்கில் சேருமா? சரியாகச் சுற்றியதாகவும் எனக்குத் தோன்றவில்லை. என் கட்டைவிரல் தானாகவே காசுக்கு அடியில் போயிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, காசைப் பையில் போட்டேன். முடிவு அ-வைக் குறுக்கே அடித்தேன்.

தையல்காரர் தேறினாரா என்று கேட்காதீர்கள். வராந்தா ஜெயித்ததா படுக்கை ஜெயித்ததா என்பது ஆராய்ச்சி முடியாமல் அக்காவுக்கே தெரியாது. அவசரப்படுகிறவர்கள் அவரவர் வீட்டில் சுண்டிக்கொள்ளலாம், ஒரு தடவை மட்டும்.

முடிவு ஆ: சுண்டவில்லை. அவள் காசைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். தையல்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, "பாதத்தை அழுத்துங்கய்யா," என்றாள். அவர் திரும்பவில்லை. அவள் எழுந்து போகவும் இல்லை. வெகுநேரம் கழித்து, போர்வைக்கடியில் ஒரு பாதம் மெல்லக் கீழே அழுந்தியது, மேலே வந்தது, மெஷினை மிதிக்கிற மாதிரி.