வாசித்தவர் ஒருவர் வேண்டும்

மேலப்பாளையத்தில் ஃபஹ்மிதாவின் தெருவில் அந்தப் பதினாலு பக்கத்தையும் வாசிக்காத வீடு இல்லை. ஜீவனாம்சம் கேட்டு ஃபஹ்மிதா கொடுத்த மனு அது. கட்டியவன் ஆறு வருஷமாகச் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லச் சொல்லி வக்கீல் எழுதி வாங்கியிருந்தார். அவருடைய குமாஸ்தா பிரிண்ட் எடுக்க, கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் ஆபீஸ் வாட்ஸ்அப்பைத் திறந்தான். மூட மறந்து டீ குடிக்கப் போய்விட்டான். அடுத்து வந்த எந்தப் புண்ணியவானோ கட்சிக்காரர்களின் தாள்களை மொத்தமாக அள்ளிக்கொண்டான். ஃபஹ்மிதாவின் மனு மறுநாளே தெருக்காரர்களின் குரூப்புகளில் சுற்றியது. வக்கீல் வருத்தம் தெரிவித்தார். வருத்தத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அடி உதை வெளியே தெரிந்ததைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். எட்டாம் பக்கம்தான் நெஞ்சை அறுத்தது. நோன்பு மாதத்தில் உதடு கிழிந்து பிறந்த வீட்டுக்கு வந்தவளை, 'பொறுத்துப் போ' என்று வாப்பாவே கூட்டிப்போய்த் திரும்ப விட்டுவந்ததை அதில் சொல்லியிருந்தாள். வாப்பா தாஜ் முகம்மது இப்போது அந்த மனிதர் இல்லை. அவளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார். அவர் கண்ணில் மட்டும் அது பட்டுவிடக் கூடாது என்று தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து, பாளையங்கோட்டையில் வேறு வக்கீலைப் பார்க்க வாப்பாதான் துணைக்கு வந்தார். அவள் முன்னமே அனுப்பியிருந்த மனுவை வாசித்திருந்த வக்கீல் டார்லின் நிதானமாக வழிகளைச் சொன்னார்.

"சைபர் கிரைம்ல புகார் கொடுக்கலாம். பழைய வக்கீல் மேல பார் கவுன்சிலுக்கு எழுதலாம். நஷ்டஈடு கேட்டு கேஸும் போடலாம். எதுக்குப் போனாலும் வெளிய போன மனுவை இணைக்கணும்மா. உங்க பேரை மறைக்கச் சொல்லிக் கேக்குதேன்."

"திரும்பவும் நாலு பேரு வாசிப்பாங்கல்லா?"

"வாசிப்பாங்க." டார்லினுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இன்னொண்ணும் வேணும். என் போனுக்கு வந்துச்சு, வாசிச்சேன்னு யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

ஃபஹ்மிதாவுக்குக் கசப்பாகச் சிரிப்பு வந்தது. யார் அனுப்பியது என்று அடுத்த வீட்டு முஃபீதாவிடம் போன வாரம் கேட்டாள். "நான் அதைப் பாக்கவே இல்ல" என்று சத்தியம் செய்த முஃபீதாதான், அதற்கு முந்தின நாள் உதட்டில் எத்தனை தையல் என்று விசாரித்தவள்.

"எங்க தெருவுல யாருமே வாசிக்கல மேடம். விட்டுருவோம்" என்று ஃபஹ்மிதா எழுந்தாள். உள்ளூர நிம்மதியாகவும் இருந்தது. கேஸ் இல்லையென்றால் அந்தத் தாள் வாப்பா கைக்கு வராது.

வாப்பா எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எனக்கு வந்துச்சு, வக்கீலம்மா. வந்த அன்னைக்கே வாசிச்சுட்டேன். என் பேரை எழுதிக்கிடுங்க."

டார்லின் தயங்கினார். "ஐயா, கூண்டுல ஏத்தி எட்டாம் பக்கத்தைக் கேப்பாங்க."

"கேக்கட்டும். கொண்டுபோய் விட்டது நான்தான்னு சொல்லுதேன்."

மூன்று வாரமாக எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர் தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஃபஹ்மிதாவுக்கு அழுகை பொங்கியது. டார்லின் வாக்குமூலத்தை எழுதி நீட்டினார். வாப்பா மகளைப் பார்க்காமல் பேனாவை வாங்கினார். ஃபேன் காற்றில் தாள் நகர்ந்துகொண்டே இருந்தது. ஃபஹ்மிதா பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.