ஆறு போசி ஆசிட்

சீனிவாசலுவின் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பீளமேட்டில் மில் துணிக்கு வெளுப்புப் போடும் பட்டறை வைத்து இருபத்தாறு வருடம். அத்தனை வருடத்தில் ஆசிட் விற்கிற ஒருவனையும் அவர் நம்பியதில்லை. தண்ணீர் கலக்காமல் எவனும் விற்கமாட்டான் என்பது அவர் தீர்மானம். தொட்டிக்கு மூன்று போசிப் பாத்திரம் வேண்டுமென்றால் ஆறு ஊற்றுவார். துணி பழுதில்லாமல்தான் வந்தது. உண்மையிலேயே கலந்துதான் விற்றார்கள்.

தொண்ணூற்று நாலு சித்திரையில் பழைய வியாபாரி கடையை மூடினான். புது வியாபாரி ரசாக் பாயிடமிருந்து ஆசிட் கேன் வந்தது. கூடவே அவர் மகள் சாயிரா பானுவும் வந்தாள். காலேஜில் வேதியியல் படிக்கிறவள்.

“ஏனுங்கய்யா, இது தண்ணி கலக்காத சரக்குங்க. பழசையும் இதையும் நானே அளந்து பார்த்தேன். பழசுக்கு இதுல பாதி வீரியந்தான். ஆறு போசி ஊத்தற எடத்துல மூணு போதுங்க.”

“உங்கப்பன் சரக்கை நீ கெட்டதுன்னா சொல்லுவ?”

அவள் கரித்துண்டை எடுத்துச் சுவரில் சமன்பாடு எழுதினாள். “தொட்டி அடியில பிளீச்சிங் பவுடர் தங்குதுங்களே, அதுல மிஞ்சின ஆசிட் பட்டா குளோரின் வாயு வரும். அரைக் கிலோ பவுடருக்கு எண்பது லிட்டருக்கு மேலங்க. காத்தை விடக் கனம். குழித்தொட்டியை விட்டு வெளிய போகாது.”

“காத்தை லிட்டர்ல அளக்கறாளாம்டா கண்ணையா! படியை எங்க வெச்சிருக்க அம்மணி, பைக்குள்ளயா?”

தொட்டியில் வேலை செய்யும் கண்ணையா பல் தெரியச் சிரித்தான். “எங்கூட்டுக்கு ரெண்டு படி குடுத்தனுப்புங்க அம்மணி.”

“மொதல்ல மூணு ஊத்திப் பாருங்கய்யா. பத்தலைன்னா அப்புறம் ஊத்திக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சீனிவாசலு மூன்று ஊற்றினார். கை நின்றது. துணி மஞ்சளடித்தால் மில்காரன் திருப்பிவிடுவான். இன்னும் மூன்று ஊற்றினார்.

கண்ணையா தொட்டிக்குள் இறங்கித் துணியைப் புரட்டக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. பச்சையும் மஞ்சளுமாகப் புகை அவன் தோள் வரை நின்றது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவர் இழுத்துப் போட்டபோது அவன் வாயில் நுரை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தான். மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டான்.

அவன் மனைவி நஞ்சம்மாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த சீனிவாசலுவின் பக்கம் வந்து நின்றாள்.

“பாய் குடுத்த ஆசிட்டு கெட்டதுன்னு எல்லாரும் சொல்றாங்க. போலீஸ்காரர் எழுதறதுக்கு உக்காந்திருக்காரு. ரசாக் பேரைச் சொல்லட்டுங்களா மொதலாளி?”

சொல்லு என்ற வார்த்தை அவர் நாக்கு வரை வந்தது. முழுங்கினார்.

“சரக்கு சுத்தம் அம்மணி. மூணு ஊத்தச் சொல்லுச்சு அந்தப் புள்ள. நாந்தான் ஆறு ஊத்திப்போட்டேன்.”

“ஏனுங்க?”

“தண்ணி கலந்திருப்பான்னு நெனச்சேன்.”

அவள் அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சீனிவாசலு என்ற பேரைச் சொல்வதற்குப் போலீஸ்காரரிடம் நடந்தாள்.